கந்தோருக்கு ஒரு கதிரை

கழுத்து நரம்பு விண்விண்ணென்று தெறித்தது. குளக்கட்டு நெடுகத் தலையில் சுமந்து வந்த கைக்கதிரையைச் சிவனேஸ்வரி முற்றத்தில் இறக்கினாள். பாலை மரக் கதிரை, நெல்லு மூட்டைப் பாரம். விடியக் குடித்த குரக்கன் கூழ் எப்போதோ செமித்துப் போயிருந்தது.

"ஜீப் வாய்க்கால் ரோட்டால சுத்தித்தான் வரும். கெதியாய் உள்ளுக்க கொண்டு வாரும்," என்றான் அறைக்குள் இருந்த அவளுடைய புருசன் தவராசா. எழும்பி வந்து ஒரு கை பிடிக்க அவனால் ஏலாது. காடு வெட்டும்போது முதிரை மரம் சாய்ந்து, அவனுடைய வலது முழங்கால் மடங்காமல் போய் ஒரு வருசமாகிறது.

போன போகம் வயல் தரிசாய்க் கிடந்தது. இந்தப் போகமும் விதைக்காவிட்டால் காணியைப் பறித்து வேறு ஆளுக்கு எழுதிவிடுவோம் என்று காணி உத்தியோகத்தர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கூலிக்கு ஆள் பிடித்து விதைக்க வேண்டும் என்றால் தவராசாவுக்கு இந்தத் தபால் வேலை கிடைக்க வேண்டும்.

குடியேற்றத்துக்கு உப தபால் கந்தோர் ஒன்று வருகிறது. எஸ்.எஸ்.சி. படித்திருக்க வேண்டும், கந்தோருக்குத் தன் வீட்டிலேயே அறை கொடுக்க வேண்டும். இதே வேலைக்கு யோகலிங்கமும் சிற்றம்பலமும்கூட எழுதிப் போட்டிருந்தார்கள். இன்றைக்கு அறை பார்க்க அதிகாரி வருகிறார். இவர்களுடைய வீடுதான் கடைசி.

விறாந்தையின் பாதியை மண்சுவர் வைத்து அடைத்தது சிவனேஸ்வரி. தவராசா நிலத்தில் இருந்து தடியால் கோடு கீறிக் காட்டினான். அவள் குழைத்தாள், எழுப்பினாள். வடக்கே யன்னல் வைத்தால் வெளிச்சம் வரும், வெயில் கண்ணில் குத்தாது என்றான். தெற்கே வைத்திருந்த யன்னலை அடைத்துவிட்டு வடக்கே வெட்டினாள். குசினிக் கதவைக் கழற்றி மேசைப் பலகையாக்கினார்கள். அன்றிலிருந்து குசினிக்குள் நாய் போய் வருகிறது.

மடங்காத காலை நீட்டி வைக்க மேசைக்குக் கீழே ஒரு சவுக்காரப் பெட்டி. தேயிலைப் பெட்டிக்குக் குறுக்கே பலகை அடித்துக் கடிதத் தட்டு, இடது கைக்கு எட்ட. பூட்டுப் பெட்டி வலது கைக்கு எட்ட. இருந்த இடத்தை விட்டு அவன் எழும்பத் தேவையில்லை.

கதிரை மட்டும்தான் இல்லை. மரக்குத்தியில் இருந்து கந்தோர் நடத்துகிறவனுக்கு எந்த அதிகாரி வேலை கொடுப்பான்? ஊரிலேயே கைக்கதிரை வைத்திருப்பவர் சாமான் கடைக் கலந்தர் ஒருவர்தான். அவர் ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. கடை வாசலிலேயே நின்ற கதிரையைக் கையால் காட்டினார். பொழுதுபட முதல் கொண்டு வந்து தரச் சொன்னார்.

தவராசா கதிரையில் இருந்து பார்த்தான். இருந்த வேகத்திலேயே இடுப்பில் கட்டியிருந்த சாரம் சர்ரென்று கிழிந்தது. வலப்பக்கத்து விளிம்பில் ஓர் ஆணி துருத்திக்கொண்டு நின்றது. சிவனேஸ்வரி கல்லைத் தேடி ஓடவும் படலையடியில் ஜீப் வந்து நிற்கவும் சரியாயிருந்தது.

தவராசா மேசையைப் பிடித்து எழும்பிச் சுவரோடு ஒதுங்கினான். அதிகாரி அதிகம் கதைக்கவில்லை. யன்னலால் எட்டிப் பார்த்தார், மேசையை ஆட்டிப் பார்த்தார். பிறகு கதிரையில் இருக்கப் போனார்.

அவர் கொஞ்சம் இடப்பக்கமாக ஒதுங்கி, சாவகாசமாய் இருந்தார். ஆணி அவரைத் தொடவில்லை. கடவுளுக்குக் கண் இருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

இடது கையை நீட்டினார், கடிதத் தட்டு எட்டியது. வலது கையை நீட்டினார், பெட்டி எட்டியது. காலை நீட்டினார், சவுக்காரப் பெட்டியில் போய் நின்றது. கொழும்பில் தன்னுடைய கந்தோரிலேயே இந்த வசதி இல்லையென்று சொல்லிச் சிரித்தார். சுவரெல்லாம் இவதான் வைச்சவ ஐயா என்றான் தவராசா. அவர் அவளுடைய வெடித்த கைகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பென்சிலை எடுத்தார்.

"கதிரையும் உங்கட சொந்தம்தானோ?"

தவராசா கிழிந்த சாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேசாமல் விட்டால் எல்லாம் கைவிட்டுப் போகும் என்று அவளுக்குப் பட்டது.

"ஓம் ஐயா. என்ர சீதனம்."

பென்சில் எழுதவில்லை. அவர் அதைத் திரும்பவும் பொக்கற்றில் குத்தினார்.

"இது மற்றச் சனத்தின்ர காசு வந்து போற இடம், தங்கச்சி. அறை வடிவாய் இருந்தால் மட்டும் காணாது," என்று எழும்பினார். திரும்பி நின்று காற்சட்டையின் பின்பக்கத்தைக் காட்டினார். வலப்பக்கம் ஒரு சாண் கிழிந்திருந்தது.

"யோகலிங்கத்தின்ர வீட்டில இந்த ஆணிதான் கிழிச்சது. அங்கையும் இது சீதனக் கதிரை. சிற்றம்பலத்தின்ர வீட்டிலயும் சீதனக் கதிரை. உள்ளதைச் சொல்லும், இதை ஆருக்குத் திருப்பிக் குடுக்கோணும்?"

வெளியே ஜீப்காரன் இயந்திரத்தை முடுக்கினான். சிவனேஸ்வரியின் கை தன்பாட்டில் நோகிற கழுத்தைப் பிடித்தது.

"கலந்தர் நானாவுக்கு."