முதல் முட்டி

"இன்னைக்கும் 'நெட்டை'ன்னே எழுதவா டாக்டர்?" மார்க்கர் பேனாவின் மூடியைக் கழற்றியபடி கேட்டாள் நர்ஸ்.

"எழுதுங்க சிஸ்டர். பெரியவர் அந்தப் பேருக்குத்தான் மசியுறாரு."

கவச உடைக்குள் போய்விட்டால் யாருக்கும் முகம் கிடையாது. அதனால் ஆள் அடையாளத்துக்கு மார்பில் பெயர் எழுதிக்கொள்வார்கள். பட்டப்பெயராக இருந்தால் நோயாளிகளும் கொஞ்சம் சிரிப்பார்கள்.

நர்ஸ் பெரிதாக எழுதினாள். எழுதி முடித்ததும் ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தரையில் புரண்ட உடையின் கால் பகுதியை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு அவன் வார்டுக்குள் போனான்.

எலும்பு ஆபரேஷன் கற்றுக்கொள்ள மேற்படிப்பில் சேர்ந்த டாக்டர் அவன். பெருந்தொற்று வந்ததும் ஆபரேஷன் தியேட்டரைப் பூட்டிவிட்டார்கள். கூடச் சேர்ந்தவர்களுக்கும் இதே கதிதான். கத்தி பிடிக்க வந்த கைகள் ஆக்சிஜன் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தன. படிப்பில் பாதி இப்படியே போய்விட்டது. இவர்களிடம் நாளைக்கு யார் தங்கள் காலை நம்பிக் கொடுப்பார்கள் என்று பேராசிரியரே தலையில் கை வைத்துக்கொண்டார்.

நம்பிக் கொடுக்க ஒருவர் இருந்தார். ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த பெரியவர். பஸ் ஓட்டி, கிளட்சை மிதித்து மிதித்தே முட்டி தேய்ந்தவர். குப்புறப் படுத்தால்தான் அவருக்கு மூச்சு சீராகும். ஆனால் யார் சொன்னாலும் படுக்க மாட்டார், மாஸ்க்கையும் கழற்றி வீசுவார். 'உங்க முட்டிதான் என் முதல் ஆபரேஷன், அதுக்காவது உயிரோட இருங்க' என்று நெட்டை சத்தியம் செய்த பிறகுதான் வழிக்கு வந்தார்.

"என்ன பெரியவரே, மல்லாந்து கிடக்கீங்க? முதல் ஆபரேஷனைக் கெடுத்துருவீங்க போலிருக்கே!"

பெரியவர் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பார்வை கால் மடிப்பில் கொஞ்ச நேரம் நின்றது.

"வந்துட்டியா தம்பி" என்றார். முன்பெல்லாம் 'டேய் நெட்டை!' என்று வார்டே அதிரக் கூப்பிடுகிற மனுஷன். ஒரு வாரமாக வெறும் தம்பிதான். மூச்சு வாங்குவதால் இருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அவர் முரண்டு பிடிக்காமல் குப்புறப் படுத்தார். அவன் அவர் நெஞ்சுக்கு அடியில் தலையணையைச் செருகி, விரலில் மாட்டிய கருவியைப் பார்த்தான். ஆக்சிஜன் அளவு நன்றாக ஏறியிருந்தது.

"இப்படியே இருந்தா சீக்கிரம் வீட்டுக்குப் போயிரலாம். தியேட்டர் திறந்ததும் முதல் ஆள் நீங்கதான்."

"சொன்ன சொல் மாற மாட்டியே?"

"நெட்டை சொன்னா சொன்னதுதான்" என்றான். கண்ணாடிக்குள் பனி படர்ந்தது. அந்த உடையில் இருந்துகொண்டு கண்ணைத் துடைக்கவும் வழியில்லை. அவனுக்கு அழுகை அடங்கவே இல்லை.

பெரியவர் தட்டுத் தடுமாறிக் கையை நீட்டி, உறை போட்ட அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"அழாதய்யா. என் முட்டியை உன்கிட்டயே குடுக்கறேன்" என்றார். "நெட்டை செத்தது எனக்கு அன்னைக்கே தெரியும். உன் பேரு என்ன?"