சொந்தக் காலில் நிற்கும் கொடி

வீட்டுப் பின்பக்கப் பந்தலடியில் அன்று காலை இருந்தவர்கள் ஐந்தே பேர்: பெரியவர், அவருடைய அக்கா, மகன், பக்கத்துத் தோட்டக்காரர், ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த அம்மாள். இவர்களில் கடைசி ஆளுக்கு மட்டும் நாற்காலி போடவில்லை. போட வேண்டாம் என்று பெரியவரே சொல்லியிருந்தார்.

அந்த அம்மாள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஈரச் சாக்கில் சுற்றிய மூட்டையைத் தரையில் வைத்துப் பிரித்தாள். உள்ளே இலையில்லாத மொட்டைக் குச்சிகள், ஒவ்வொன்றும் முழ நீளம்.

"இவ்வளவுதானா?" என்றார் பெரியவர். "ஒரு வேளை அடுப்பெரிக்கக்கூடக் காணாது. இதுக்கா ஜீப்புல வந்தீங்க?"

"உங்க மண்ணுல வேரைத் தின்கிற புழு இருக்குங்கய்யா. இது காட்டுத் திராட்சைக் குச்சி. இதோட வேரை அந்தப் புழு ஒண்ணும் பண்ண முடியாது. இதை நட்டு, மேல உங்க கொடியை ஒட்டுக் கட்டிட்டா, காய்க்கிறது உங்க பழம்தான்."

"பழம் என்னுது, வேர் ஊரான் வேரா?"

"அண்ணே, வேரையா தின்னப் போறோம்?" என்று சிரித்தார் பக்கத்துத் தோட்டக்காரர்.

"நீ பேசாதே. போன வருஷம் உன் பந்தல்ல காய்ச்சதைக் காக்காகூட மூக்கை வச்சுப் பார்த்துட்டுப் பறந்துடுச்சு."

தோட்டக்காரரின் சிரிப்பு நின்றது. மகனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அப்பா, கிழக்குப் பந்தல் மொத்தமும் போச்சு. மேற்கும் மஞ்சளடிச்சு நிக்குது. இன்னிக்கு நாம வேணாம்னா இந்தக் குச்சி அடுத்த ஊருக்குப் போயிடும். அப்புறம் நான் எதை நம்பி இங்க இருக்கிறது? மாமனார் கூப்பிடுறார், அவர் கடைக்கே போயிடறேன்."

"போ. நல்லாப் போ. நாலு தலைமுறையா பந்தல் போட்ட கை, அங்க போய்த் தராசு பிடிக்கட்டும்!"

பெரியவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். அவர் அப்படி நிமிர்ந்தால் அடுத்தது என்ன வரும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டின் மானமே அந்தக் கதையில்தான் இருந்தது. பெண் கேட்டு வந்த சம்பந்திகள்கூட முதலில் அதைக் கேட்டு முடித்த பிறகுதான் பெண்ணைப் பார்த்தார்கள்.

அவர் அதை ஆரம்பித்தாலே அக்கா ஏதாவது வேலை சொல்லிக்கொண்டு உள்ளே எழுந்து போய்விடுவாள். இன்றைக்கு முட்டிவலி. எழுந்திருக்க முயன்று, முடியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, கேட்டுக்கங்க. நீங்க பிறக்கிறதுக்கு முன்னாடி உங்க நிலையத்து ஆள் ஒருத்தர் இங்க வந்தார். இதே புழு, இதே ஒட்டு, இதே பேச்சு. எங்கப்பா என்ன பண்ணார் தெரியுமா? வரப்பு, வாய்க்கால் எல்லாம் தாண்டி, பஸ் நிக்கிற இடம் வரைக்கும் அந்த ஆளைத் துரத்தினார். வந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காம பஸ்ல ஏறிட்டார். ஊரே வேடிக்கை பார்த்தது."

"கையில கம்போட, இல்லண்ணே?" என்று எடுத்துக்கொடுத்தார் தோட்டக்காரர், சமாதானமாக.

"கம்பு எதுக்கு? ஒரு முழக் குச்சி! எங்கப்பா கையில இருந்தா அதுவே அரிவாள்."

பெரியவர் பந்தல் காலைச் சுற்றி ஏறியிருந்த பழைய கொடியைக் காட்டினார். தோட்டமே பட்டுக்கொண்டிருந்த அந்த வருஷத்திலும் அது ஒன்று மட்டும் பச்சைப் பசேல் என்று படர்ந்து, கொத்துக் கொத்தாய்க் காய்த்துத் தொங்கியது.

"இது எங்கப்பா தன் கையால வச்சது. ஒட்டுமில்லை, உறவுமில்லை. சொந்தக் கால்ல நிக்குது. உங்க புழு ஏன் இதைத் தொடலை? சொல்லுங்க, படிச்சவங்கதானே?"

அம்மாள் கொடியின் அடியில் குனிந்தாள். தூரிலிருந்து பொடிக் கிளை ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மேல இருக்கிற இலை மாதிரி இல்லையே இது?"

"அது கழிசடை. வருஷா வருஷம் அடியில முளைக்கும், நானும் கிள்ளிக் கிள்ளி எறிவேன். நல்ல வம்சத்துலயும் ஒண்ணு அப்படி முளைக்கத்தான் செய்யுது" என்று மகனைப் பார்த்தார் பெரியவர்.

அம்மாள் தூரைச் சுற்றி மண்ணைக் கையால் விலக்கினாள். நாலு விரல் ஆழத்தில், தண்டு முழங்கால் முட்டிபோல் புடைத்திருந்தது.

"ஐயா, இது ஒட்டுக் கட்டின இடம். அடியில முளைக்கிறது காட்டு வேரோட இலை."

"வாயை அளந்து பேசுங்க!" பெரியவர் எழுந்தே விட்டார். "எங்கப்பாவாவது, ஒட்டாவது! அது வண்டிச் சக்கரம் ஏறின தழும்பு. செத்துப் போன மனுஷன் மேல பழி போடுறீங்களா?"

"பழி இல்லைங்கய்யா, கண்ணுக்குத் தெரியுது..."

"கண்ணால பார்த்தவ இதோ இருக்கா, அவளைக் கேளுங்க!" பெரியவர் அக்காவின் பக்கம் திரும்பினார். "அக்கா, அன்னிக்கு நீதானே அப்பா பின்னாடியே பஸ் வரைக்கும் போனவ? சொல்லு, இந்த அம்மாவுக்கு நல்லா உறைக்கிற மாதிரி சொல்லு. அப்பா இவங்க ஆளை எப்படித் துரத்தினார்?"

அக்கா, தலை குனிந்து நின்ற தம்பி மகனைப் பார்த்தாள். சாக்கின் மேல் கிடந்த குச்சிகளைப் பார்த்தாள். பிறகு தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள், சின்ன வயதில் அவன் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் பார்ப்பதுபோல.

"துரத்தினார்ங்கிறது ஊர் கட்டின கதைடா. 'இந்த ஒரு குச்சி போதாதுங்க, இன்னும் நாலு குடுங்க'ன்னு கெஞ்சிக்கிட்டே பின்னாடி ஓடினார்."