கதவில் தொங்கும் ஆள்

"ஐயையே, இந்த ஒட்டகச்சிவிங்கி எதுக்கும்மா?"

பெரியவர் கேட்டதும் நஃபூலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆப்பிரிக்கான்னு எழுதிட்டேன் பெரியவரே. அப்படி எழுதினாலே இந்த ஏஐக்கு மிருகம்தான் ஞாபகம் வரும். இருங்க, கிசுமுன்னு மாத்தறேன்."

கென்யாவின் கிசுமு நகரில், பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் அவள். மூன்று மாதமாக வீடியோவும் செய்து தருகிறாள். என்ன வேண்டும் என்று எழுதினால் போதும், நேரில் படம் பிடித்தது போலவே வந்துவிடும். கல்யாணம், சர்ச் விழா என்று வருகிறவர்கள் கும்பலாக வந்து கடையையே ரெண்டு படுத்துவார்கள். இவர் மட்டும் ஒற்றை ஆளாக வந்து, காலையிலிருந்து அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. பேச ஒரு ஆள் கிடைத்ததே போதும் என்பது போல் ஓயாமல் பேசினார்.

அவர் கேட்டது பத்து வினாடிப் படம். மட்டாட்டு என்னும் ஷேர் வேனின் கதவில் தொங்கிக்கொண்டு வரும் இளம் கண்டக்டர் ஒருவன், வீட்டு வாசலில் வண்டி நின்றதும், "அடோயோ, எனக்கு நேரமாகும். நீ சாப்பிட்டுட்டுப் படு" என்று சொல்ல வேண்டும்.

"அடோயோ யாரு?"

"என் வீட்டுக்காரி. இவன் சொன்னாத்தான் சாப்பிடுவேன்னு ஒரே பிடிவாதம். ரெண்டு நாளா வெறும் தண்ணிதான். இன்னிக்குச் சாயங்காலமும் சாப்பிடலேன்னா ஆஸ்பத்திரியில சேர்த்து மூக்குல குழாய் வெச்சுடுவோம்னு நர்ஸ் சொல்லிட்டுப் போயிருக்கா."

அவர் தந்த போட்டோவை நஃபூலா மறுபடி பார்த்தாள். ஈரத்தில் ஊறி வெளுத்துப்போன படம், பாதி முகம்தான் மிச்சம். பெற்ற வயிறு, பாவம். பையன் என்ன ஆனான் என்று கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்து வந்த கண்டக்டர் டை கட்டியிருந்தான்.

"யாரும்மா இவன், பேங்க் மேனேஜரா? டை கட்டின கண்டக்டரைக் கிசுமுவுல எவன் பார்த்தான்? மேல் பட்டனே போடமாட்டாம்மா. அவ்வளவு திமிரு!"

பட்டனைக் கழற்றச் சொல்லி எழுதினாள். எந்தக் கையால் தொங்குவான் என்று கேட்டு அதையும் எழுதினாள். ஏழாவது தடவை திரையில் முகம் வந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திரைக்கு வெகு அருகில் குனிந்தார்.

"சிரிப்பு சரியா இருக்கா பெரியவரே?"

"அப்படியே இருக்கு. எவ்வளவு அழகா இருந்திருக்கான் பாரு, ராஸ்கல்."

"குரல் யார் குடுக்கறது?"

"நானே பேசறேன்."

தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். 'சாப்பிட்டுட்டு' என்ற இடத்தில் குரல் உடைந்தது. மூன்று முறை பேசியும் அதே இடத்தில் உடைந்தது.

"பரவாயில்ல, விடுங்க. ஆனா தாத்தா பேசற மாதிரி இருக்கு. வயசைக் குறைச்சுடறேன்."

"குறைக்க முடியுமாம்மா?"

"ஒரு பட்டனை அமுக்கினாப் போதும்."

முடிந்தது. அவருடைய போனில் ஏற்றிக் கொடுத்தாள்.

"சீக்கிரம் கொண்டுபோய்க் காட்டுங்க. பார்த்ததும் கண்டிப்பா சாப்பிடுவாங்க."

"பக்கத்து வீட்டம்மாகிட்டக் குடுத்துக் காட்டச் சொல்லணும். என்னைக் கண்டாலே கதவைச் சாத்திக்கறா."

நஃபூலாவுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. "மகன் விஷயத்துல உங்க மேல கோபமா?"

"மகனா? எங்களுக்குக் குழந்தையே இல்லையேம்மா." பெரியவர் போட்டோவை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இது நான்தான். போன வருஷத்துலேருந்து அவளுக்கு எல்லாம் மறந்துபோச்சு. புருஷன் வேலைக்குப் போயிருக்கற நேரத்துல, யாரோ ஒரு கிழவன் கிண்டித் தர்ற உகாலிக் களியைத் தொடமாட்டாளாம்."