அவர் சொன்ன கரிமலை

ஐம்பத்திரண்டாவது வயதில் செண்பகம் முதல்முறையாகச் சபரிமலைக்கு மாலை போட்டாள். பஸ்ஸிலேயே பம்பைக்குப் போய்விடலாம் என்றார் கணவர் சங்கரலிங்கம். காட்டுவழியாக நடந்துதான் போக வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். இருபத்தாறு வருடம் அவர் போய்வந்து சொன்னதில் அந்த வழி அவளுக்கு மனப்பாடம். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்தபடியே கேட்ட கதைகள் அவை.

கரிமலை ஏற்றத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது.

“எந்தப் பக்கம் சாமி?” என்று கேட்டாள்.

அவர் இரண்டு பக்கமும் பார்த்து விழித்தார். பின்னால் வந்தவரிடம் வழி கேட்டார்.

“மறந்துபோச்சா?”

தலையிலிருந்த இருமுடியைப் பிடித்தபடி அவர் நின்றுவிட்டார். “நான் இந்த வழியில வந்ததே இல்ல செண்பகம். மொத வருசம் பயந்துபோயி பஸ்ல போயிட்டேன். வீட்டுக்கு வந்ததும், ஆனையப் பாத்தீங்களான்னு ஆசையாக் கேட்ட. பாத்தேன்னு சொல்லிட்டேன். அப்புறம் வருசா வருசம் நீ கேட்டுக்கிட்டே இருந்த.”

பின்னால் வந்தவர் காட்டிய பக்கம் அவள் விறுவிறுவென்று ஏறினாள். மலையிலிருந்து வந்த அவர் குளிக்க வெந்நீர் கொதித்த அந்தச் சாயங்காலங்கள் நினைவுக்கு வந்தன. இரண்டு கைகளையும் விரித்து, யானையின் காதை அவளுக்கு ஆட்டிக் காட்டிய இளைஞனும்.

திரும்பிப் பார்த்தபோது அவர் வெகுகீழே மூச்சுவாங்கிக்கொண்டு நின்றார். இறங்கிப் போய்க் கையை நீட்டினாள்.

“கோவமா?”

“இருக்கு. பம்பையில போயிப் பேசிக்கிடுவோம். இப்ப ஏறுங்க, கன்னிசாமி.”