முதல் போணி

"ஜாடி வித்துக்கோ, ஈஸ்ட் வித்துக்கோ. ஒயின் போடுற பக்குவத்தை மட்டும் யாருக்கும் சொல்லாதே எமெல்டா. சொன்னா மறுநாளே மதுவிலக்குப் போலீஸ் வந்து கடைக்குச் சீல் வெச்சிடும்" என்று வக்கீல் அண்ணன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

கடை திறந்த பத்தாவது நிமிடம் முதல் ஆள் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, பளபளவென்று பிரவுன் ஷூ.

"பெரிய ஜாடி ஒண்ணு, ஈஸ்ட் ஒரு பாக்கெட். கிறிஸ்மஸுக்கு ஒயின் போடணும்மா. எப்படின்னு எழுதிக் குடுத்துடுங்களேன்."

எமெல்டா இரண்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். "எழுதியெல்லாம் தர்றதில்ல சார்."

"அப்ப எதுவும் வேணாம்மா." அவர் படியிறங்கினார்.

முதல் போணியை வெறுங்கையோடு அனுப்பினால் கடை விளங்குமா? "நில்லுங்க சார்!"

கடைப் பெயர் அச்சடித்த பில் தாளிலேயே எழுதினாள். திராட்சை இரண்டு கிலோ, சர்க்கரை ஒரு கிலோ, இருபத்தொரு நாள்.

"கீழ ஒரு கையெழுத்து போடுங்கம்மா. கைராசிக்காரங்க மாதிரி தெரியுது."

சிரித்துக்கொண்டே போட்டாள்.

அவர் மை காயும்வரை ஊதினார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, பொத்தானையும் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"சார், ஜாடி?"

"அங்கேயே இருக்கட்டும்மா" என்றார், திரும்பாமலே. "யாரும் கை வைக்காம மட்டும் பாத்துக்குங்க."