அருள்ராஜின் இன்டெக்ஸ்

ஆட்களின் தலைக்குள் இருக்கும் நினைவுக் கிடங்கில் தேடல் மந்தமானால் வேகப்படுத்துவது தணிகைவேலின் உத்தியோகம்.

“நம்ம கல்யாண ஞாபகம் வர ரொம்ப நேரமாகுதுங்க. கொஞ்சம் பாருங்க” என்றாள் மனைவி மலர்க்கொடி.

அவள் கிடங்கைத் திறந்தான். கல்யாணத்தைத் தேட கிடங்கு முழுவதையும் புரட்ட வேண்டியிருந்தது. தினமும் தேடுகிற பெயருக்கு மட்டுமே தானாக விழும் இன்டெக்ஸ் என்ற குறுக்குவழி, அவளுடைய கல்லூரித் தோழன் அருள்ராஜுக்கு விழுந்திருந்தது. படுபாவி, ஒரே நொடியில் வந்து நின்றான்.

கல்யாணத்துக்கு ஒரு இன்டெக்ஸ் போட்டுவிட்டு, அருள்ராஜுடையதை அழித்தான்.

மறுநாள் காலை மலர்க்கொடி கரண்டியோடு அப்படியே நின்றாள். தோசை கருகியது.

“கல்யாணம் இன்னும் வரலியா?”

“அது வந்த வேகத்துல போயிடுச்சுங்க” என்றாள், அவனைப் பார்க்காமலே.

தணிகைவேல் கைத்திரையில் அவள் கிடங்கைப் பார்த்தான். அருள்ராஜைத் தேடிக்கொண்டிருந்தாள், நாற்பது நிமிடமாக.