ஐம்பதாயிரம் புள்ளிகள்

நடைப்பயிற்சிக்குக் கிளம்பும்போது என் கணவர் கடைசியாகச் சொன்னது இதுதான்: "கம்ப்யூட்டரை மட்டும் அணைச்சிடாத. என் ஸ்கோர் போயிடும்." போனவர் திரும்பவில்லை. பாதி வழியில் மாரடைப்பு.

அது அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர். ஓய்வு பெற்ற கையோடு யாரிடமோ வாங்கி வந்து டிவியோடு இணைத்தார். கூட, டேப்பில் ஓடவிட்டு ஏற்ற வேண்டிய ஒரே ஒரு கேசட். எங்கள் இளமையில் ஞாயிறு தவறாமல் டிவியில் பார்த்த வினாடி வினாவை அதில் விளையாட்டாக்கியிருந்தார்கள்.

அதை வாங்கி வந்த வாரம் நான் அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்பினேன். திரையில் மதிப்பெண் பட்டியல். முதல் இடத்தில் 'கிங் - 50,000'. யார் அந்தக் கிங் என்று கேட்டேன்.

"உன் எதிர்ல நிக்கிறாரே, அவருதான்."

இரண்டு வருடம் முட்டி மோதினேன். 31,450. 38,720. ஒரே ஒரு தடவை 44,310. அவரை ஆடக் கூப்பிட்டால், ஜெயித்தவன் எதற்குத் திரும்ப ஆட வேண்டும் என்பார். மின்சாரம் போனாலும் ஸ்கோர் அழியாமலிருக்க ஒரு பேட்டரிப் பெட்டிகூட வாங்கி வைத்தார்.

அவர் போன பிறகு அவர் சட்டைகளைக் கொடுத்துவிட்டேன். அவர் விரல்கள் பதித்த அந்த ஒரு வரியைக் கொடுக்க மனம் வரவில்லை. சுவரில் ஷாக் அடித்தது. வயரிங் மாற்றப் பகல் முழுக்க மெயினை நிறுத்த வேண்டும் என்றார் எலெக்ட்ரீஷியன். மூன்று முறை திருப்பி அனுப்பினேன். நான்காம் முறை நாத்தனார் வீட்டில் இருந்தாள்.

"அண்ணன் ஸ்கோரைக் காப்பாத்த நீங்க கரண்ட் அடிச்சுப் போகணுமா அண்ணி?"

மெயினை நிறுத்தினார்கள். பேட்டரி அரை மணி நேரம் தாக்குப்பிடித்தது. அதன் சிவப்பு விளக்கு அணைந்தபோது அவரை இரண்டாம் தடவை வழியனுப்பியதுபோல் அழுதேன்.

மாலையில் மின்சாரம் வந்ததும், என்னைத் தேற்ற நாத்தனார் கேசட்டைப் போட்டாள். புதிதாக ஆடி அண்ணன் பெயரைப் போட்டுவிடுங்கள் என்றாள். கேசட் ஆறு நிமிடம் கீச்சிட்டு ஓடி முடிந்ததும் திரையில் விளையாட்டு விரிந்தது.

நாங்கள் இன்னும் ஆடவே தொடங்கவில்லை. பட்டியலில் என் எண்கள் ஒன்றுகூட இல்லை. முதல் இடத்தில் மட்டும் 'கிங் - 50,000'.

நாத்தனார் என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அண்ணி, இந்தக் கிங் கேசட்டோடவே வந்தவரு."